வீட்ல கேட்டுச் சொல்லுங்க

கதவ நல்லா சாத்து. ஜன்னல் இருக்கட்டும், காத்து வேணும். கரண்ட் இப்போதைக்கு வராது. கீழ வார்டன் யாரையோ பிடிச்சுக் கத்திக்கிட்டிருக்காங்க, கேக்குதுல்ல? அவங்க கத்தி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சுடும். டீச்சர், காலை மடக்கு, குட்டி உக்காரட்டும். மெழுகுவர்த்திய ஓரமா வை.

ஒரே ஒரு கண்டிஷன். நான் சொல்லும்போது யாரும் ம் கொட்டக் கூடாது. சிரிக்காதீங்கடி, நிஜமாத்தான் சொல்றேன். கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியணும்னா தலைய ஆட்டுங்க, இல்ல தரையில விரலால தட்டுங்க. அந்த ஒரு சத்தம் மட்டும் வேணாம். ஏன்னு கடைசியில சொல்றேன்.

இது நடந்தது என் கூட லேப்ல வேலை பார்க்கறாளே, சுருட்டை முடி ஃப்ரெண்டு, அவளோட பெரியப்பாவுக்கு. நானா இட்டுக்கட்டிச் சொல்லல. அவ்வளவு மூளை இருந்தா நான் ஏன் ஊரான் ரத்தத்த குழாய்ல ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்.

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். குடோன் ரோடு... ரெண்டு பக்கமும் தகர ஷட்டர், எல்லாம் பூட்டு. ஆள் கிடையாது, நாய் கூட கிடையாது. ஒரு லைட்டு எரியும், அடுத்தது எரியாது. லேசா தூறல். பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு ஓட்டல்ல லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சுன்னு போன் வந்து, போய் சரி பண்ணிட்டு வர்றாரு. வண்டி முழுக்க கிரீஸ் வாசனை.

ரோடு முடியற இடத்துல சிக்னல். சிவப்பு. குறுக்க வர்றதுக்கு ஒரு சைக்கிள் கூட இல்ல. வேற யாரா இருந்தாலும் போய்க்கிட்டே இருப்பாங்க. இவரு நிப்பாரு, அப்படி ஒரு மனுஷன். வைப்பர்... கிரீச்... கிரீச்னு போய் வருது. இவரு பேசிக்கிட்டிருக்காரு. அந்த ஓட்டல்காரன் லிஃப்ட்ல ஆள ஏத்தறதவிட மூட்டைதான் அதிகம் ஏத்தறான், கயிறு என்னத்துக்கு ஆகும், சொன்னா காதுல போட்டுக்கறானா...

பக்கத்து சீட்லேர்ந்து சத்தம் வந்துது.

"ம்."

பக்கத்து சீட்ல யாரும் இல்ல.

அவரு பயப்படலடி. அதான் விஷயமே. அவருக்கு அது பழகிப் போச்சு. சொல்லப் போனா அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் அவரு அந்த வண்டியையே வச்சிருந்தாரு.

பெரியப்பா ஓயாம பேசற ஆளு. காலையில பல்லு விளக்கும்போதே ஆரம்பிச்சிடுவாராம். பெரியம்மா அதுக்கு நேர் எதிர். அவங்க கிட்டேர்ந்து வர்றது ஒரே எழுத்து. துணி மடிச்சுக்கிட்டே ம். கணக்கு பார்த்துக்கிட்டே ம். தூக்கத்துல கூட ம். ஒரே ஒரு பேச்சுக்கு மட்டும் அந்த ம் வராது. "எங்கம்மா கைமணம் யாருக்கும் வராது"ன்னு பெரியப்பா எடுத்தாருன்னு வை, அவ்வளவுதான்... கப்சிப். மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, அப்பவும் வராது. பசங்க எல்லாம் வேணும்னே பெரியப்பாவ சொல்ல வச்சு, பெரியம்மா வாயையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்களாம். ம்ஹும். அவங்க பாட்டுக்கு துணி மடிப்பாங்களாம்.

போன வருஷம் ஒரு ராத்திரி பெரியம்மாவுக்கு நெஞ்ச அடைச்சுது. ஆம்புலன்ஸ் வர நேரம் ஆகும்னாங்க. இவரே கைத்தாங்கலா கூட்டிட்டுப் போய் பக்கத்து சீட்ல உக்கார வச்சு, சீட்ட சாய்ச்சு, பெல்ட்ட மாட்டி ஓட்டினாரு. பயத்துல இவருக்கு வாய் இன்னும் ஜாஸ்தி ஆயிடுச்சு. லிஃப்ட் மோட்டாரு, மேல் வீட்டுக்காரன், ரேஷன் அரிசியில கல்லு... வாய்க்கு வந்ததெல்லாம் பேசறாரு. நடு நடுவுல தூங்கிடாத, கேக்குதா, கேக்குதான்னு கேட்டுக்கறாரு. ம்... ம்னு வருது.

வழியில ஒரு பெரிய பாலம். அதுல ஏறும்போது ஒரு இரும்புப் பட்டை இருக்கும்ல, வண்டி அது மேல டடக்குன்னு ஏறி எறங்குச்சு. பாலத்து மேல போகும்போது பெரியப்பாவுக்கு என்ன தோணுச்சோ, இத்தனை வருஷத்துல பேசாத பேச்ச பேசினாரு. நீ இல்லேன்னா எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. நான் வாய் ஓயாம பேசறதே நீ கேப்பேன்னுதான். உன்ன நான் ஒரு நாள் கூட நல்லபடியா ஒரு வார்த்தை கேட்டதில்ல, என்னை மன்னிச்சுடு. அழுதுக்கிட்டே ஓட்டினாராம். ஒவ்வொண்ணுக்கும் ம் வந்துது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துது.

டூட்டி டாக்டர் சின்னப் பொண்ணு. கையப் பிடிச்சுப் பார்த்தா, கண்ணுல லைட் அடிச்சுப் பார்த்தா. உயிர் போய் ரொம்ப நேரம் ஆச்சு சார்னா. பெரியப்பா சண்டைக்குப் போயிட்டாரு. இப்ப கேட்டப்ப கூட ம்னாளே, என்ன படிச்சீங்கன்னு கத்தினாரு. அந்தப் பொண்ணு அவரு கையப் பிடிச்சு பெரியம்மா முழங்கை மேல வச்சா. கல்லு மாதிரி சில்லுனு இருந்துச்சாம். ரொம்ப நேரம்னா எங்க வச்சு போயிருக்கும்னு இவரு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தாரு. பாலம்தான், அந்த இரும்புப் பட்டையில டடக்குன்னப்ப அவங்க தலை ஒரு பக்கமா சரிஞ்சுது.

அவரு என்ன நினைச்சுக்கிட்டாருன்னா... உயிர் போனாலும் நான் சொல்றத கேக்கறதுக்காக இருந்திருக்கா. அப்படி நினைச்சாத்தான் அவரால சோறு திங்க முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு வண்டிய எடுத்தாரு. பழக்க தோஷத்துல பேச ஆரம்பிச்சாரு. "ம்"னு வந்துது. வண்டிய ஓரங்கட்டி, ஸ்டியரிங் மேல தலைய வச்சு அழுதாராம்.

வண்டி ஒண்ணும் பெரிய வண்டி இல்ல. பாசிப்பச்சை கலரு, கதவ சாத்தினா பழைய பீரோ சாத்தற சத்தம். ஆனா அந்த சீட்ட யாரும் தொடக் கூடாது. சாய்ச்சது சாய்ச்சபடியே இருக்கும். தலை வைக்கற இடத்துல பெரியம்மாவோட எண்ணெய்க் கறை. என் ஃப்ரெண்டு ஏறினா பின்னாடிதான் உக்காரணும்.

பெரியப்பாவுக்கு ஒரே பொண்ணு. நிறைமாசம். தனியா கிடந்து வண்டியோட பேசிக்கிட்டிருக்காதீங்கப்பா, என் வீட்டுக்கு வந்துடுங்கன்னு நாள் தவறாம கூப்பிட்டுக்கிட்டிருந்தா. ஆனா அந்த வண்டி வரக் கூடாது, என் புள்ளைய அதுல ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டா. ஏன்னா ஒரு தடவை அப்பா கடைக்குள்ள போயிருந்தப்ப அவ ஆசையா அம்மா சீட்ல உக்காந்து பெல்ட்ட இழுத்திருக்கா. பெல்ட்டு சூடா இருந்துதாம்... இப்பத்தான் யாரோ கழட்டி விட்ட மாதிரி.

யாரு அது? வேணாம்னு சொன்னேன்ல. குட்டி, நீயா? இல்லையா... சரி சரி. தலைய ஆட்டினா போதும்.

அதான், வண்டியா பொண்ணான்னு ஆயிடுச்சு அவருக்கு. வண்டிய விட்டா பெரியம்மாவ ரெண்டாவது தடவை அனுப்பி வைக்கற மாதிரி. விடலேன்னா பேரப்புள்ள கிடையாது. இவரு இன்னைக்கு சொல்றேன் நாளைக்கு சொல்றேன்னு தள்ளிக்கிட்டே போனாரு. அப்படி இருக்கும்போதுதான் அந்த சிக்னல்.

சிவப்பு இன்னும் மாறல. வைப்பர் கிரீச்... கிரீச். பக்கத்து சீட்டுக் கண்ணாடியில டொக், டொக்னு தட்டற சத்தம்.

ஒரு ஆளு குனிஞ்சு பார்க்கறான். கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட முழுக்கைச் சட்டை. கன்னம் ஒட்டிப் போயிருக்கு. உதவிக்கு யாரோன்னு பெரியப்பா கண்ணாடிய கொஞ்சம் இறக்கினாரு. ரொம்ப நாள் பூட்டி வச்ச ரூமத் திறந்தா ஒரு வாசனை வருமே, அது உள்ள வந்துது. குரல் கம்மிப் போயிருக்கு அவனுக்கு... நாள் பூரா கத்திக் கத்தித் தொண்டை போன ஆளு மாதிரி.

வண்டிய குடுக்கறீங்களான்னு கேட்டான்.

பெரியப்பா சிரிச்சுட்டாரு. விக்கற வண்டி இல்லப்பா, அதுவும் இந்த ஓட்டை வண்டியையான்னாரு. அவன் சிரிக்கல. என்ன வேணும்னாலும் கேளுங்கன்னான். புது வண்டியா ரெண்டு எடுத்துக்கற அளவுக்குத் தர்றேன்னான். இதெல்லாம் சொல்லும்போது அவன் பெரியப்பாவ ஒரு தடவை கூட பார்க்கல. சாய்ஞ்சு கிடக்கற அந்த சீட்டையேதான் பார்த்துக்கிட்டிருந்தான்.

"அவசரம் இல்ல சார். வீட்ல கேட்டுச் சொல்லுங்க."

வீட்லன்னா யாரச் சொல்லுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். பொண்டாட்டியத்தான். அதை அவன் அந்தக் காலி சீட்டப் பார்த்துச் சொன்னான்.

பச்சை விழுந்துது. பெரியப்பா கிளப்பிட்டாரு. பின்னாடி கண்ணாடியில பார்த்தா, அவன் நடு ரோட்ல நின்னு வாய அசைச்சுக்கிட்டே இருக்கான். கேக்க யாரும் இல்ல... ஆனா பேசிக்கிட்டே இருக்கான்.

பெரியப்பாவுக்கு பயம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். அவ இருக்கறது இன்னொருத்தனுக்கும் தெரியுதே, நான் பைத்தியம் இல்லையேன்னு ஒரு சந்தோஷம். வீட்டுக்கு வந்து வண்டிய ஷெட்டுல விட்டாரு. இஞ்சின அணைச்சாரு. லைட்ட அணைச்சாரு. இஞ்சின் சூடு ஆறும்போது ஒரு சத்தம் வருமே, டிக்... டிக்... அது மட்டும்தான். சரி, அவன் சொன்னதும் நியாயம்தான், கேட்டுடலாம்னு நினைச்சாராம். பொண்டாட்டிகிட்ட கேக்காம இவரு ஒரு செருப்பு கூட வாங்கினதில்ல.

"இங்க பாரு, வண்டிய குடுத்துடவா?"

"ம்."

பொண்ணு கூப்பிடறா, அங்கயே போயிடவான்னாரு. ம்னு வந்துது. நீ தனியா இருப்பியேன்னாரு. அதுக்கும் ம். அப்ப குடுக்க வேணாம், வேணாம்னே சொல்லிடறேன்னாரு. ம். என்னடி, குடுக்கவா வேணாமா, ஏதாவது ஒண்ணு சொல்லேன்னாரு. ம்.

எரிச்சலா வந்துச்சாம் அவருக்கு. சரின்னாலும் ம்தான். கேட்டுக்கிட்டிருக்கேன்னாலும் ம்தான். இத்தனை நாளா இவரு பேசினதுக்கு ம் வந்துதே தவிர, கேட்டதுக்கு பதில்னு ஒண்ணு வந்திருக்கான்னு அப்பத்தான் யோசிச்சுப் பார்த்தாரு. அப்புறம் அந்தப் பழைய பேச்சு வாயில வந்துடுச்சு. சீண்டத்தான் சொன்னாரா, சோதிக்கத்தான் சொன்னாரா, அவருக்கே தெரியலையாம்.

"எங்கம்மா கைமணம் யாருக்கும் வராது."

அமைதி. டிக்... டிக்...

பெரியப்பாவுக்கு சிரிப்பு வந்துடுச்சு. கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு. இவதான், இவளேதான்னு சொல்ல வாயத் திறந்தாரு.

"ம்."

...இரு. இரு. யாரு அது? திரும்பவும் யாரோ... குட்டி? இல்லங்கறா. டீச்சர் நீ? சரி, விடு. ஜன்னல் கொக்கியா இருக்கும்.

பெரியப்பா அசையல. கை மட்டும் தானா கதவுப் பிடியத் தேடுச்சாம். இருட்டுல கிடைக்கல. அந்தப் பேச்சுக்கு ஒரு ம் கூட பெரியம்மா உயிரோட இருக்கும்போதும் குடுத்ததில்ல, செத்தும் குடுக்க மாட்டாங்க. அது அவருக்குத் தெரியும். வேற எது தெரியுமோ தெரியாதோ, அது தெரியும்.

அப்ப பெரியம்மா அந்த இரும்புப் பட்டை மேல டடக்குன்னு போகும்போதே போயிட்டாங்க. இவரு பக்கத்துல உக்காந்து ரேஷன் அரிசியப் பத்திப் பேசிக்கிட்டிருக்கும்போதே போயிட்டாங்க. கடைசியா அவங்க காதுல விழுந்தது அதுதான். பாலத்து மேல இவரு அழுது பேசினது எதையும் அவங்க கேக்கல. வேற எதுவோ அந்த சீட்ல உக்காந்து கேட்டுக்கிட்டு வந்திருக்கு. எனக்கு இந்த இடம்தான்டி தாங்கல. பேய் பிசாசு எல்லாம் அப்புறம்.

அவரு அன்னைக்கு ராத்திரி வாசப்படியிலயே உக்காந்திருந்தாரு. காலையில அந்த ஆளு வந்து நின்னான். பெரியப்பா அட்ரஸ் குடுக்கல, அவன் கேக்கவும் இல்ல. சாவிய நீட்டினாரு. அவன் பானட்டத் திறந்து பார்க்கல, டயர ஒரு உதை உதைச்சுக் கூட பார்க்கல. நேரா போய் உக்காந்து கதவ சாத்திக்கிட்டான். பீரோ சத்தம். பக்கத்து சீட்டுப் பக்கம் திரும்பி பேச ஆரம்பிச்சான். வெளியில ஒண்ணும் கேக்கல, வாய் அசையறது மட்டும் தெரியுது. பட்டினி கிடந்தவன் சோத்தப் பார்த்த மாதிரி பேசறானாம். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வண்டிய எடுத்துட்டுப் போனான்.

பெரியப்பா ஒரு பையில துணிய எடுத்துக்கிட்டு பஸ் ஏறி பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாரு. அவளுக்கு தலைகால் புரியல. அன்னைக்கு ராத்திரி அவ கால் வீங்கிப் போய் ஹால்ல சோஃபாவுல படுத்திருக்கா, லைட்ட அணைச்சாச்சு. பக்கத்துல கீழ உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு... பாலம், சிக்னல், ஷெட்டு, எல்லாம். அவளும் ம், ம்னு கேட்டுக்கிட்டாளாம். சொல்லி முடிச்சதும் அவருக்கு பாரம் இறங்கினாப்ல இருந்துச்சு. அதுக்கப்புறம் அவரு பேசினா ஒரு சத்தமும் வரல. தலை முழுகிட்டோம்னு நினைச்சாரு.

கொஞ்ச நாள்தான். ஒரு நாள் காலையில பொண்ணு வீட்டு வாசல்ல பீரோ சத்தம்.

பச்சை வண்டி நிக்குது. பக்கத்துல அந்த ஆளு. முகம் இன்னும் சின்னதா ஆயிடுச்சு. சாவிய இவரு கையில திணிச்சான். கடையில வாங்கின பொருள் சரியில்லேன்னா திருப்பிக் குடுப்போம்ல, அந்தக் கோவம் அவனுக்கு.

"வண்டி காலியா இருக்கு சார்."

அவன் இவரத் தாண்டி வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்தான். ஹால்ல பொண்ணு முதுகப் பிடிச்சுக்கிட்டு நடந்துக்கிட்டிருக்கா. இதை யார்கிட்டயாவது சொன்னீங்களான்னு கேட்டான். பொண்ணுகிட்ட மட்டும்னாரு. அவன் அப்படியே படியில உக்காந்துட்டான். அப்ப உங்ககிட்டயும் இல்ல, போயிடுச்சுன்னான். குடுத்த பணத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசல. எழுந்து நடந்து போயிட்டான், வாய அசைச்சுக்கிட்டே.

வண்டிய வித்தாரு. அந்த ம் கொட்டறதை, கதையோட சேர்த்து பொண்ணுக்குக் குடுத்துட்டாரு. அது புரிஞ்ச நிமிஷத்துலேர்ந்து பெரியப்பா பேச்ச நிறுத்தினவருதான். வாய் ஓயாத மனுஷன். இப்ப பேத்திய மடியில போட்டுக்கிட்டு ஆட்டுவாரே தவிர, ஒரு தாலாட்டு கூட கிடையாது. ஆமா, பொம்பளப் புள்ள, நல்லா இருக்கு. பிரசவத்துக்குப் போன இடத்துல பெரியப்பா பொண்ணு எல்லாத்தையும் என் ஃப்ரெண்டுகிட்ட சொல்லிட்டா. வண்டி அவங்க வாசல்ல நிக்குது. வேணும்னா கேளுங்க, சும்மாவே தருவாங்க.

என் ஃப்ரெண்டு எனக்கு சொன்னது போன்ல. போன வாரம் ராத்திரி, இதே இடத்துல உக்காந்துதான் கேட்டேன். வீட்ல கேட்டுச் சொல்லுங்கன்னானே அந்த ஆளு... அது வரைக்கும்தான் நான் கேட்டேன். போன்ல சார்ஜ் செத்துப் போச்சு. சார்ஜர் டீச்சர்கிட்ட, டீச்சர் தூங்கிட்டா. நானும் படுத்துட்டேன். மறுநாள் லேப்ல போய், மீதிய சொல்லுடின்னேன். அவ என்னை ஒரு மாதிரி பார்த்தா.

"நேத்தே முழுசா சொன்னேனேடி. கடைசி வரைக்கும் ம் கொட்டிக்கிட்டே இருந்தியே."

அன்னைக்கு நாள் பூரா அவ அவ்வளவு சந்தோஷமா இருந்தா. எதுக்குன்னு எனக்கு அப்பப் புரியல. ராத்திரி ரூமுக்கு வந்து, நாளைக்கு என்ன துணி போடறதுன்னு எனக்கு நானே பேசிக்கிட்டேன்... ம்னு வந்துது, அப்பப் புரிஞ்சுது. ஒரு வாரமா இந்த ரூம்ல நான் வாயத் திறக்கறதே இல்ல, கவனிச்சீங்களா?

யாரும் ம் கொட்டாதீங்கன்னு எதுக்கு சொன்னேன்னா... இன்னைக்கு அது என்னை விட்டு யார்கிட்ட போகுது, எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியணும்.

ரெண்டு தடவையும் உன் பக்கத்துலேர்ந்துதான் வந்துது, குட்டி.